யாரும் தொடாத இடம்

பழுதுபார்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு தகர டப்பா இருக்கும். பாலிடெக்னிக்கில் எங்களுக்குப் பட்டறைப் பாடம் எடுத்தவரிடம் ஒன்று இருந்தது. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ரேடியோ சரிசெய்கிறவரிடம் இரண்டு. தேய்ந்த வாஷர், தளர்ந்த ஸ்பிரிங், கருகிய ஒயர்த் துண்டு எல்லாம் அதில் கிடக்கும். தூக்கிப் போட மனம் வராது, திரும்பப் பொருத்தவும் முடியாது. எங்கள் தொழிற்சாலை ஃபிட்டரிடம் மட்டும் அப்படி ஒரு டப்பா இல்லை. அவருடைய மேசை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் நோட்டில் அவரைப் பற்றி எழுதிய முதல் குறிப்பு: 'சுத்தமானவர்.'

எண்பதுகளின் கடைசி அது. ஊருக்கு வடக்கே, மின்சாரப் பெட்டிகளுக்குத் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை. அறுபது பேர் இருந்தோம். பாதிப் பேர் முன்பு மில்லில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, எந்த ஆர்டரை எந்த நாளில் எந்த எந்திரத்துக்கு அனுப்புவது என்று திட்டம் போடும் அறையில் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த அத்தனை எந்திரங்களுக்கும் அவர் ஒருவர்தான் மருத்துவர்.

எல்லோரும் அவரை ஃபிட்டரண்ணன் என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, உரக்கப் பேசாத குரல். மேல் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. அதை அவர் 'தூர்னவீஸ்' என்பார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் பட்டறை ஒன்றில் வேலை செய்து கொண்டுவந்த சொல். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா டிப்ளமா, சாப்ட்டியா?"

கேலி மாதிரி இருக்கும். கண்ணில் கேலி இருக்காது.

யாரையும் அவர் காக்க வைத்ததில்லை. இது என் இரண்டாவது குறிப்பு. எந்திரம் நின்றது என்று ஆள் அனுப்பினால், அனுப்பிய ஆள் திரும்புவதற்குள் வந்துவிடுவார். நிற்கிற எந்திரத்தையும் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற மனிதரையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உடம்பில் எங்கோ வலிக்கிற மாதிரி முகம் சுருங்கும். எங்காவது போய்விட்டு வருவார். கால் மணி நேரத்தில் எந்திரம் ஓடும்.

"என்னண்ணே ஆச்சு இதுக்கு?" என்று கேட்பேன். படித்த படிப்பு அப்படிக் கேட்கச் சொல்லும்.

"ஒன்னும் ஆவல. இப்பப் போட்டுப் பாரு."

"முன்னாடி ஏன் ஓடல?"

"இப்ப ஓடுதா, இல்லியா?"

"ஓடுது."

"அப்புறம் இன்னா?"

கோளாறு என்ன என்பதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அது மூன்றாவது குறிப்பு. நான்காவதை அப்போது நான் பாராட்டாகத்தான் எழுதினேன்: எதைச் சரிசெய்தாலும், கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவரின் தோளில் கை போட்டுத் தள்ளி அழைத்துப் போய், காதில் ஏதோ சொல்வார். கேட்டவர் தலையாட்டுவார். எந்திரத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறார் என நினைத்தேன்.

எங்கள் மேனேஜருக்கு அவர் தெய்வம் மாதிரி. புது உதிரிச் சாமான் வேண்டுமென்றால் ஸ்டோருக்குச் சீட்டு எழுத வேண்டும். சீட்டு மேனேஜரிடம் போக வேண்டும். சாமான் வர மூன்று மாதம் ஆகும், சில சாமான் வரவே வராது. "இத்தன வருசத்துல இந்த மனுசன் எங்கிட்ட ஒரு சீட்டு நீட்டுனதில்ல" என்பார் மேனேஜர், புதிதாக வருகிறவர்களிடமெல்லாம்.

ஒருமுறை கேன்டீன் மின்விசிறியின் ரெகுலேட்டர் தொட்டவர்களை எல்லாம் சுரீரென்று இழுத்தது. அவர் வந்தார், போனார், வந்தார். பத்து நிமிடத்தில் எல்லோரும் காற்று வாங்கிக்கொண்டு சாப்பிட்டோம். இரண்டு வாரம் கழித்து, பூட்டியே கிடக்கும் விருந்தினர் அறையில் ஓர் ஆடிட்டரை இறக்கிவிட்டார்கள். விசிறியைப் போடப் போனவர் "ஐயோ" என்று அலறிக்கொண்டு, கையிலிருந்த கோப்புகளையெல்லாம் எறிந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்தார். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஃபிட்டரண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ரூம யாரு தொறக்கச் சொன்னது?" என்று கேட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் அப்போதே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

எங்கள் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு மூன்று பட்டன் வைத்த ஒரு மவுஸும் வந்தது. அதுவரை அதை யாரும் பார்த்ததில்லை. அறைக் கதவில் ஒரு வாரம் கூட்டம் நின்றது. "எலின்னாங்க, வாலு மட்டும்தான் எலி மாதிரி இருக்குது" என்று தகடு வளைக்கும் மூன்றாம் பிரஸ்ஸில் வேலை செய்யும் ஏழுமலை சொல்லிவிட்டுப் போனார். அதில் வேலை செய்யக் கலைச்செல்வி என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வைத்திக்குப்பத்துப் பெண். அப்பாவுக்குப் பார்வை மங்கிக் கடலுக்குப் போவது நின்றிருந்தது. தம்பிகள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் உலை வைப்பது அவள் வேலையை நம்பித்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வேலை எளிது. திரையில் ஆர்டர்கள் வரிசையாக இருக்கும். ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்து இடது பட்டனை ஒருமுறை தட்டினால், அந்த ஆர்டர் விரியும். அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால், 'முடிந்தது' என்று அர்த்தம். ஆர்டர் வரிசையிலிருந்து மறைந்துவிடும். ஒருமுறைக்குப் பார்ப்பது, இருமுறைக்கு முடிப்பது. நடுவில் கேள்வி எதுவும் கேட்காது.

ஏழெட்டு மாதம் கழித்து ஆர்டர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் சின்ன ஆர்டர் ஒன்று. கலைச்செல்விக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பிறகு ஒரு பெரிய ஆர்டர். லாரி வந்து வாசலில் நின்ற பிறகுதான், உள்ளே ஒரு தகடு கூட வெட்டப்படவில்லை என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை என்று அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டாவது தவறு, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது.

"நான் ஒரு வாட்டிதான் தட்டுனேன் மேடம்" என்றாள். "எங்கப்பா மேல சத்தியமா ஒரு வாட்டிதான்."

அழுகை என்னைக் கலைக்கும், அதனால் நோட்டை எடுத்தேன். காரணம் கையாக இருக்கலாம், நிரலாக இருக்கலாம், மேசையாக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், பட்டனாக இருக்கலாம். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். மவுஸோடு வந்த பிளாப்பியில் ஒரு சோதனை நிரல் இருந்தது. பட்டனைத் தட்டத் தட்டத் திரையில் எண் ஏறும். அவளை நூறு முறை தட்டச் சொன்னேன். எண் நூற்றுப் பதினாறில் நின்றது. நான் நூறு முறை தட்டினேன். நூற்றுப் பதினான்கு. இடது கையால் தட்டினேன், மவுஸை என் மடியில் வைத்துத் தட்டினேன், ஒயரை அசையாமல் பிடித்துக்கொண்டு தட்டினேன். எண் கூடுதலாகத்தான் ஏறியது. அழுத்தித் தட்டினால் குறைவாக, மெல்லத் தட்டினால் அதிகமாக. கலைச்செல்விக்கு மெல்லிய கை.

ஆக, கை இல்லை. பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதற்குள் நகத் துண்டு அளவில் ஒரு செம்புத் தகடு. விரல் அழுத்தினால் அது வளைந்து தொட வேண்டும், விட்டால் விலக வேண்டும். விறைப்புப் போய்விட்டால், ஒருமுறை தொட வேண்டியது துள்ளி இருமுறை தொடும். கடற்காற்றில் உப்பும் ஈரமும் ஏறிய அறை. நாளெல்லாம் ஒரே பட்டனைத் தட்டும் வேலை. என் நோட்டில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாம் அடிபட்டுக் கிடந்தன.

மவுஸைப் பிரிக்க எனக்கு அனுமதி இல்லை. அவர் ஒருவர்தான் பிரிக்கலாம். அதனால் வியாழக்கிழமை மதியம் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கு மேனேஜர் முன்னாடி நீங்க இதப் பிரிச்சுக் காட்டணும்ணே. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. இது இப்படியே கெட்டுப்போயி இருந்தாத்தான் அவளுக்கு வேலை."

"அந்தப் பொண்ணு அழுவுதா?"

"அழுதா."

முகம் சுருங்கியது. "சரிம்மா" என்றார்.

மவுஸை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பூட்டுக்குச் சாவி செய்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் கலைச்செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்து, தானே தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். நூறு தட்டினார். திரையிலும் நூறு. நான் வாங்கி மெல்லத் தட்டினேன். நூற்றுக்கு நூறு. கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று மேனேஜர் ஃபிட்டரண்ணனைக் கேட்டார்.

"நல்லா இருக்கு சார்."

"நேத்து?"

"இப்ப நல்லா இருக்கு சார்."

"அண்ணே, சரி பண்ணிட்டீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றியை எதிர்பார்க்கிற சிரிப்பு. "அழுவுதுன்னு சொன்னியேம்மா."

மேனேஜர் வேலை நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். எனக்கு அப்போது ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. புது ஸ்விட்ச் ஸ்டோரில் இல்லை. அவர் சீட்டு எழுதுகிறவர் இல்லை. பழையதைப் போட்டு வைக்க அவரிடம் டப்பாவும் இல்லை. அப்படியானால் நல்ல ஸ்விட்ச் எங்கிருந்து வந்தது, கெட்டது எங்கே போனது?

வலது பட்டனில் விரலை வைத்தேன். எங்கள் வேலையில் அந்தப் பட்டனுக்கு வேலையே இல்லை. தட்டினேன். ஒன்று. தட்டினேன். மூன்று. நான்கு. ஐந்து. ஏழு.

ஃபிட்டரண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பக்கத்த யாரும் தொடறதில்லியே சார்" என்றார் அவர்.

மேனேஜர் பேனாவை மூடினார். பிறகு சிரித்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா மூளைய! ஒரு சாமான் வாங்காம முடிச்சிட்டாரு." கலைச்செல்வியின் வேலை தப்பியது. ஆனால் பழைய எச்சரிக்கை அப்படியே இருக்கும் என்றும், இன்னொரு ஆர்டர் காணாமல் போனால் விசாரணையே கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஃபிட்டரண்ணன் அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பார்த்தேன். அவள் ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. முள் குத்திய கையை வைத்திருப்பது போல.

"ஏன் அப்படி வச்சிருக்க?"

"வலது பக்கம் படக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு மேடம்."

அதன் பிறகு நான் கைகளைத்தான் பார்த்தேன். மூன்றாம் பிரஸ்ஸில் ஏழுமலை, மிதியை மிதிப்பதற்கு முன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். துளை போடும் எந்திரத்தில் நிற்பவர் சிவப்புப் பட்டனைத் தொடவே மாட்டார், நிறுத்த வேண்டுமென்றால் சுவரிலிருக்கும் ஸ்விட்சுக்கு நடந்து போவார். பேக்கிங் பகுதியில் ஒரு விளக்கை முழங்கையால் போட்டார்கள். சாமான் ஏற்றும் லிஃப்டில் நடுப் பட்டனைத் தாண்டி, மேல் பட்டனை அழுத்தி மேலே போய், படியில் இறங்கி வந்தார்கள். ஏன் என்று கேட்டால் மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்கள். "அண்ணன் சொன்னாரு."

"இது ஆபத்து இல்லியா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"இன்னா ஆபத்து? எடது பக்கம் கைய வச்சா ஆபத்து. நான்தான் வக்கிலியே."

எல்லாவற்றையும் எழுதினேன். எந்திரம், இடம், எதைத் தொடக் கூடாது, யார் சொன்னது. பதினேழு வந்தது. எதற்காக எழுதுகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சுத்தமாகத் தட்டச்சு செய்து, பதினேழுக்கும் புதுச் சாமான் வாங்க வேண்டும் என்று அடியில் எழுதி, மேனேஜர் மேசையில் வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று இருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அந்த அறையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

மேனேஜர் அந்தத் தாளை ஃபிட்டரண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் அவரை எல்லா இடத்திலும் பார்த்தேன். குனிந்திருந்தார், ஏணி மேல் நின்றார், எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். சனிக்கிழமை காலை தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பதினேழு வரிக்கும் எதிரே பென்சிலால் அழகாக டிக் போட்டிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது டிப்ளமா. நீ எழுதின எடத்துல ஒன்னுல கூட இனிமே தொந்தரவு இல்ல."

"புது சாமான் வந்துச்சாண்ணே?"

"அது எங்க வருது?"

அவர் போய்விட்டார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது புரிய எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் ஏழுமலை கதவில் வந்து நின்றுவிட்டார். பின்னால் பிரஸ்காரர்கள் நாலைந்து பேர். எந்திரங்களை நிறுத்திவிட்டு வந்திருந்ததால் அவர் மெல்லப் பேசியதும் நன்றாகக் கேட்டது.

"அந்த லிஸ்ட்டு நீங்க எழுதினதா மேடம்?"

"ஆமாம்."

"எடது பக்கம் சரியாயிடுச்சுன்னு அண்ணன் சொல்றாரு."

"ஆமாம்."

"ஒம்போது வருசமா எங்க கைய வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இந்தா பாருங்க, பத்து வெரலும் இருக்குது." இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். "இப்ப எங்க வைக்கக் கூடாது? நீங்க சொல்லுங்க."

நான் எழுந்து பட்டறைக்குப் போனேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினேழையும் எங்கண்ணே மாத்துனீங்க?"

"யாரும் தொடாத எடத்துலதான்."

"ஒவ்வொன்னா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அவர் கூரையைப் பார்த்தார். வலது கை விரல்களை மடக்கினார். ஒன்று சொன்னார். இரண்டாவது சொன்னார். மூன்றாவது சொல்லும்போது, "இல்ல இல்ல, அது அங்க இல்ல" என்று விரலைத் திரும்ப நிமிர்த்தினார். நான்காவது விரலிடம் வந்தவர் அங்கேயே நின்றார். முகம் சுருங்கியது. எனக்குப் பதில் சொல்ல முடியாததற்காக அவர் நிஜமாகவே வேதனைப்பட்டார்.

"எங்கியோ போட்டேனே" என்றார்.

மேனேஜரிடம் போனேன். எந்திர ஷெட்டை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அவர் என் தாளையே என்னிடம் காட்டினார். "நீங்க குடுத்த லிஸ்ட்டு. எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கு. இன்னும் என்ன வேணும்?" கீழே பிரஸ்காரர்கள் ஆளுக்கொரு மரக்குச்சியை எடுத்துக்கொண்டு, எட்டி நின்று, தங்கள் எந்திரங்களின் ஒவ்வொரு ஓரத்தையும் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

அறைக்குத் திரும்பினேன். கலைச்செல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மவுஸ் மேசை மேல் இருந்தது. அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. என் பட்டியலில் முதல் வரி அவளுடைய வலது பட்டன்தான். அதற்கும் டிக் இருந்தது. கெட்ட ஸ்விட்ச் இப்போது இடது பக்கமா, நடுவிலா, இந்த அறையிலேயே இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. திரையில் அன்றைக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் பதினொன்று வரிசையாக நின்றன.

"எதத் தொடலாம் மேடம்?" என்றாள்.

யார் கையால் தட்டியது என்று எழுதும் பதிவேடு ஒன்று திரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அன்றைய தேதிக்கு எதிரே அவள் பெயரை எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்புக்குறியை முதல் ஆர்டரின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். நான் ஒரே ஒருமுறை தட்டினேன்.